ஞாயிறு, பதினொன்று பதினேழு

12 ஜூன் 2025, வியாழன்

பஸ் ஸ்டாண்ட் எதிர்க் கடையில் இரண்டு நோட்டு வாங்கினேன். ஒரே அளவு, ஒரே நீல அட்டை. ஒன்று டாக்டருக்கு, ஒன்று எனக்கு.

டாக்டர் நோட்டில் கட்டம் போட்டாகிவிட்டது. தேதி, நேரம், என்ன செய்துகொண்டிருந்தார், என்ன உணர்ந்தார். பாண்டி ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது இதுதான்: "இதயம் என்ன பண்ணுச்சுன்னு மெஷின் சொல்லும். மனுஷன் என்ன பண்ணிட்டிருந்தாருன்னு நீங்கதாம்மா சொல்லணும்." கட்டம் போட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பதினாறு வருடமாகப் பிறப்பு இறப்புப் பதிவில் உட்கார்ந்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் மார்பில் இடப்பக்கம் இரண்டு தையல். உள்ளே, பாதியாக ஒடித்த தீக்குச்சி அளவுக்கு ஒரு கருவி. லூப் ரெக்கார்டர் என்கிறார்கள். மார்ச்சில் தோட்டத்தில் மோட்டார் போடப் போனவர் விழுந்தார். ஏப்ரலில் பள்ளிக்கூடத்தில், காலை வழிபாட்டில், பிள்ளைகள் எதிரிலேயே விழுந்தார். இரண்டு தடவையும் அரை நிமிடத்தில் எழுந்து "ஒண்ணுமில்ல" என்றார். ஈசிஜி எடுத்தால் சுத்தமாக இருக்கிறது. ஒரு நாள் முழுக்க ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். அன்றைக்கு இதயம் நல்ல பிள்ளையாக இருந்தது. அதனால்தான் இது. மூன்று வருடம்வரை உள்ளேயே இருந்து பார்த்துக்கொண்டே இருக்கும்.

இவர் என் கட்டங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஸ்கூல்ல வர்றதை ரஞ்சனி டீச்சர் சீட்டுல எழுதித் தர்றேன்னாங்க. நீ அதைப் பார்த்து எழுதிக்கோ."

ஏன் ரஞ்சனி டீச்சர்?

அவரிடம் கேட்கவில்லை. இங்கே கேட்டு வைக்கிறேன்.

16 ஜூன், திங்கள்

காரணம் தெரியும்வரை இவர் வண்டி ஓட்டக் கூடாது. பள்ளிக்கூடம் இருக்கிற தொண்டூர்ப் பக்கம் போகிற பஸ் ஏழு மணிக்கு ஒன்று, அதை விட்டால் பத்து மணிக்கு. இன்று காலை எட்டரைக்கு வாசலில் ஹாரன். ரஞ்சனி டீச்சர். இவரோடு வேலை செய்கிற இங்கிலீஷ் டீச்சர், முப்பத்தெட்டு வயது, இரண்டு தெரு தள்ளி வீடு. வீட்டுக்காரர் மஸ்கட்டில்.

"அக்கா, நான் எப்படியும் அங்கதானே போறேன். சாரை ஏத்திக்கிறேன்."

என்ன சொல்ல முடியும்? கூடுதலாக ஒரு ஹெல்மெட் வேறு கொண்டுவந்திருந்தார்.

இவர் டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினார். நான் சொன்னேன், "பையை நடுவுல வைங்க. சாம்பார் சாயும்."

சாம்பார் சாயாமல் இருக்கத்தான் சொன்னேன்.

எதிர் வீட்டு அம்மாக்கண்ணு கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு நிமிர்ந்தது. "இன்னா சுமலதா, வாத்தியாரு பின்னாடி உக்காந்துக்கினு போறாரு? அவர் வண்டி இன்னா ஆச்சு?"

"டாக்டர் ஓட்ட வேணாம்னுட்டார்."

"அதான பாத்தேன். டீச்சரு நல்லாத்தான் ஓட்டுது."

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் சொல்லித்தருகிறேன் என்றார். இருபத்தோரு வருடம் ஆகிறது.

24 ஜூன், செவ்வாய்

கருவியோடு ஒரு பட்டன் கொடுத்திருக்கிறார்கள். கார் சாவி மாதிரி கையில் அடங்கும். உள்ளே இருக்கிற தீக்குச்சி எழுதி எழுதி அழித்துக்கொண்டே போகுமாம். இதயம் ரொம்ப நேரம் நின்றால் தானாகவே பிடித்து வைக்கும். மற்றபடி தலை சுற்றினாலோ படபடப்பு வந்தாலோ இந்தப் பட்டனைச் சட்டைக்கு மேலே, தையல் இருக்கிற இடத்தில் வைத்து அழுத்தினால், முந்தின சில நிமிடங்களை அழிக்காமல் வைத்துக்கொள்ளும். அவரே அழுத்தலாம். மயங்கிவிட்டால் பக்கத்தில் இருக்கிறவர் அழுத்த வேண்டும்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தார். வைத்தேன், அழுத்தவில்லை. பட்டன் வழியாகக்கூட அவர் மூச்சு தெரிந்தது.

"ஸ்கூல்ல யார் அழுத்துவாங்க?"

"ராஜாராம் சார் கையில குடுத்தேன். அவருக்கே மயக்கம் வந்துடும்போல இருந்துச்சு, கை அப்படி நடுங்குது. மத்தவங்க 'சார், எங்களுக்கு எதுக்கு வம்பு'ன்னுட்டாங்க. ரஞ்சனி டீச்சர்தான் ஒரே தடவையில கத்துக்கிட்டாங்க. பட்டன் அவங்க ஹேண்ட்பேக்ல இருக்கும், சாயந்திரம் எறங்கும்போது வாங்கிக்குவேன்."

ஒரே தடவையில் கற்றுக்கொள்வது என்றால் எப்படி? காற்றிலா வைத்துக் கற்றுக்கொண்டார்கள்?

வெளியிடத்தில் நான் இவர் மார்பில் கை வைத்ததில்லை. தேர்க் கூட்டத்தில் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். அவ்வளவுதான்.

2 ஜூலை, புதன்

முதல் சீட்டு. "காலை 10.42. எட்டாம் வகுப்பு. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். லேசான தலைசுற்றல், சுமார் 20 வினாடி. நாற்காலியில் உட்காரவைத்தேன்."

கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது. அதைப் பார்த்து டாக்டர் நோட்டில் என் கையெழுத்தில் எழுதினேன். கடைசி வாக்கியத்தை எழுதவில்லை. அதற்குக் கட்டம் இல்லை.

6 ஜூலை, ஞாயிறு

இன்று செய்ததை எழுதிவிடுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

சாப்பிட்டுவிட்டுப் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு நாற்காலியிலேயே தூங்கிப்போனார். பட்டன் அலமாரியில் இருந்தது. எடுத்துவந்து அவர் மார்பில் வைத்து அழுத்திவிட்டேன். மணி மூன்று இருபது. அவருக்கு ஒன்றுமே இல்லை, மெதுவாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று நாளில் நான்கு சீட்டு வந்திருக்கிறது. நான்கும் பள்ளிக்கூடத்தில். வீட்டுக் கணக்கில் ஒன்றுகூட இல்லை.

டாக்டர் நோட்டில் இதை எழுதவில்லை.

15 ஜூலை, செவ்வாய்

தினமும் ஷேவ் செய்கிறார். முன்பெல்லாம் திங்கள், வியாழன்.

என் வீட்டில் இவர் இதயம் சும்மா இருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? ஏன் அவமானமாக இருக்கிறது?

20 ஜூலை, ஞாயிறு

காலையில், "ராஜாராம் சார் புது வீட்டுல பால் காய்ச்சுறாரு. போய்ட்டு வந்துடறேன்" என்றார். ஒன்பது மணிக்குப் போனவர் ஒரு மணிக்கு வந்தார். சட்டை தொப்பலாக நனைந்து காய்ந்து, முதுகில் உப்புக் கோடு. பேன்ட் ஓரமெல்லாம் ஒட்டுப்புல். முகம் வெளுத்திருந்தது. "வெயில்" என்றார். விருந்தில் சாப்பிட்டு வந்தவர் சோறு மூன்று தடவை வாங்கினார்.

சாயந்திரம் தெருக்கோடி மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்ற மைக் கட்டினார்கள். அப்போதுதான் உறைத்தது. ஆடி நாலாம் தேதி. ஆடியில் எவராவது புது வீட்டில் பால் காய்ச்சுவார்களா?

இந்த மனிதருக்குப் பொய் சொல்லக்கூட மாதம் பார்க்கத் தெரியவில்லை. ஊரே சிரிக்கும். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

21 ஜூலை, திங்கள்

கேட்கவில்லை.

காலையில் அவள் வண்டியை ஸ்டாண்ட் போடும்போது முகத்தைச் சுளித்தாள். "இன்னா டீச்சர்?" என்றேன். "கெண்டைக்கால் பிடிச்சிக்கிச்சுக்கா. ஒண்ணுமில்ல." இவர் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'அவள்' என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

11 ஆகஸ்ட், திங்கள்

பாண்டி. கருவி வைத்த பிறகு முதல் பரிசோதனை.

இவரை எக்கோ எடுக்கக் கூட்டிப்போனார்கள். மார்பின் மேல் வட்டமாக ஒன்றை வைத்து உள்ளே இருப்பதைக் முன்னாலேயே கம்ப்யூட்டரில் இறக்கியிருந்தார்கள். அதைப் படிக்கிற பெண் பெயர் ஜெயஸ்ரீ. இருபத்தைந்து வயது இருக்கும். என் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள்.

"ஒன்பது தடவை அழுத்தியிருக்கீங்க. ஸ்கூல் டைம்ல ஏழு. ஞாயித்துக்கெழமை ரெண்டு. சாருக்கு வீட்டுச் சாப்பாடு ஒத்துக்குது, ஸ்கூல்தான் ஒத்துக்கல போல." சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பள்ளிக்கூடத்தில் வந்த ஏழில் பெரிதாக ஒன்றுமில்லை, துடிப்பு கொஞ்சம் மெதுவாகி மறுபடி சரியாகியிருக்கிறது என்றாள்.

"ஜூலை ஆறு, மூணு இருபது. இது நோட்டுல இல்லையே? இதுலயும் ஒண்ணும் இல்லம்மா, நார்மல்."

"தூங்கிட்டிருந்தார். சந்தேகத்துல நான்தான் அழுத்திப் பார்த்தேன்."

"பரவால்ல, எல்லா வீட்லயும் பண்றதுதான்." மௌஸைத் தள்ளினாள். அப்புறம் கை நின்றுவிட்டது. "ஜூலை இருபது. இதுவும் நோட்டுல இல்ல. ஞாயிறு, பதினொண்ணு பதினேழு. பாருங்க, இங்க."

மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்த கோடு ஓரிடத்தில் படுத்துவிட்டது. மேசை விளிம்பு மாதிரி நேராக. பிறகு மறுபடி எழுந்தது.

"அஞ்சு புள்ளி ஆறு செகண்டு நின்னிருக்கு. இதுவும் தூக்கத்துலதானா? நீங்கதான் அழுத்துனீங்களா?"

"ஆமாம்."

ஒரு வார்த்தைதான். வேறு என்ன சொல்வேன்? ஞாயிற்றுக்கிழமை பதினொன்று பதினேழுக்கு என் புருஷன் மார்பில் யார் கை வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது என்றா? அந்தச் சின்னப் பெண்ணிடமா? தெரியாது என்பதும் பொய்தான். தெரியும்.

அவள் தட்டச்சு செய்தாள். தூக்கத்தில், பக்கத்தில் மனைவி.

பிறகு டாக்டர் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "தூக்கத்துல சிலருக்கு இப்படிக் கொஞ்சம் நிக்கறது உண்டு. அவருக்கு ஒண்ணும் தெரியலைன்னா பயப்பட வேண்டியதில்ல. நடக்கும்போது, ஏறும்போது நின்னாத்தான் கதை வேற. மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்."

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் டாக்டர் மேசையில் இருந்த பிளாஸ்டிக் இதயத்தைப் பார்த்தேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

பஸ்ஸில் திரும்பினோம். திண்டிவனத்தில் இறங்கிப் போய்க் கொய்யாக்காய் வாங்கிவந்தார். உப்பு மிளகாய் போட்டு. எனக்குப் பிடிக்கும் என்று தெரியும்.

14 ஆகஸ்ட், வியாழன்

காலையில் தன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர் ஓட்டலாம்னு சொல்லலையே."

"ஓட்டக் கூடாதுன்னும் இந்தத் தடவை சொல்லலியே. பயப்பட வேணாம்னாரு, நீயும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்த?"

நான் இன்னொரு தடவை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஸ்கூட்டி வரவில்லை, ஹாரன் இல்லை. டிபன் பை பெட்ரோல் டாங்க் மேல் இவர் மடியில் போயிற்று.

"இன்னா, டீச்சரு வரல?" என்றது அம்மாக்கண்ணு.

"இனிமே வர மாட்டாங்க."

பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பெண் மாதிரி என் குரல் இருந்தது. ஆபீசுக்கு நடக்கும்போது பாட்டு முணுமுணுத்தேன் என்று பியூன் சொன்னார்.

18 ஆகஸ்ட், திங்கள்

நிம்மதியாக இருக்கிறேன். அவரைக்காய்க்குத் தேங்காய் தாராளமாகப் போட்டேன்.

22 ஆகஸ்ட், வெள்ளி

தைலம்மாள் என்று ஒரு அம்மா இறப்புப் பதிய வந்தார்கள். கணவர், வயது நாற்பத்தேழு. நெல் மூட்டையைத் தூக்கித் தோளில் வைக்கும்போது விழுந்தவர், அவ்வளவுதான். "இதுக்கு முந்தி மயக்கம் கியக்கம் உண்டாம்மா?" என்று கேட்டேன். படிவத்தில் அந்தக் கேள்வி கிடையாது.

"ரெண்டு தபா உண்டும்மா. ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரு."

நேரம் கேட்டேன். புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்கள். "தெர்லம்மா. நான் அப்ப அங்க இல்ல."

ஐந்து புள்ளி ஆறு. மத்தியானம் கடிகாரத்தைப் பார்த்து எண்ணிப்பார்த்தேன். ரொம்ப நேரம் அது.

26 ஆகஸ்ட், செவ்வாய்

அவள் ஆபீசுக்கு வந்தாள்.

"அக்கா, பொண்ணுக்கு பாஸ்போர்ட் எடுக்கணும். பொறப்புச் சான்றிதழ்ல பேரே ஏத்தல."

"உக்காருங்க டீச்சர். ஆள் இருக்காங்க."

இரண்டே பேர்தான் இருந்தார்கள். பின்னால் வந்த மூன்று பேரையும் முதலில் கூப்பிட்டேன். பெஞ்சில் உட்கார்ந்து ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த இன்னொரு ஹெல்மெட் இப்போது எங்கே இருக்கும் என்று நினைத்தேன். என்னைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியவருகிறது இந்த வருடம்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டேன். தாயின் பெயர், தந்தையின் பெயர், மெதுவாகத் தட்டினேன். குனிந்து சின்னக் குரலில் கேட்டாள்: "அக்கா, என்மேல கோவமா?"

"எதுக்கு?"

"மலை ஏறினதுக்குத்தான். டாக்டர் ரொம்பத் திட்டினாரா?"

விரல் நின்றுவிட்டது. நிமிரவில்லை. தெரிந்தவள் மாதிரியே சொன்னேன், "நீங்க சொல்லுங்க. அன்னைக்கு இன்னா நடந்துச்சு?"

"நான் வேணாம்னுதாங்க்கா சொன்னேன். 'டீச்சர், அது என்கிட்ட கண்ணாமூச்சி ஆடுது. நல்லா மூச்சு வாங்க வெச்சா வெளியில வந்துடும், மெஷின்ல மாட்டிக்கும்'னாரு. சயின்ஸ் வாத்தியாராம். ராணிக் கோட்டைப் படியில ஏறினோம். பாதிகூட ஏறல. பேசிக்கிட்டே வந்தவரு அப்படியே செவுத்துல சாஞ்சாரு. கண்ணு மேல போய்டுச்சு. நான் பட்டனை வெச்சு அழுத்திட்டு, வாயில வந்த சாமியை எல்லாம் கூப்டேன். என் வீட்டுக்காரர் சாமி, உங்க வீட்டு சாமி, எல்லாத்தையும்."

"எவ்வளவு நேரம்?" ஆபீஸ் குரலில்தான் கேட்டேன்.

"வாட்ச்ல பத்து செகண்டு. எனக்கு ஒரு வருஷம். எழுந்து உக்காந்ததும் திட்டிட்டேன்க்கா. இனிமே இதுக்கெல்லாம் என்னைக் கூப்டாதீங்க, அக்காகிட்ட சொல்லுங்கன்னேன். 'அவ அழுவா டீச்சர்'ன்னாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சீட்டு எழுதிக் குடுத்தேனே. டாக்டர் பாக்கலியா? அவரே ஓட்டலாம்னு டாக்டர் சொல்லிட்டாருன்னு வேற சொல்றாரு. நெசமாக்கா?"

"ம்" என்றேன். சான்றிதழை நீட்டினேன். தேங்க்ஸ்க்கா என்றாள்.

வேறு ஏதாவதாக இருந்திருந்தால் கத்தியிருக்கலாம். அம்மா வீட்டுக்குப் போயிருக்கலாம். இதற்கு எங்கே போவது? இவர் பயத்தை எடுத்துப்போய் அவளிடம் கொடுத்திருக்கிறார். எனக்குக் கொய்யாக்காய். இவர் கண் மேலே போவதை அவள் பார்த்திருக்கிறாள். நான் பார்த்ததில்லை.

டாக்டரிடம் இப்போதே சொல்ல வேண்டும். சொன்னால் ஆமாம் என்ற என் பொய் வெளியே வரும். சொன்னால் வண்டியை நிறுத்துவார்கள். நிறுத்தினால் நாளன்றைக்கு எட்டரைக்கு மறுபடி ஹாரன்.

கணக்குப் போட்டேன். ஆமாம், ஒரு பக்கம் அவர் உயிரும் இன்னொரு பக்கம் ஸ்கூட்டியும் வைத்துக் கணக்குப் போட்டேன். எழுதவே கை கூசுகிறது. அதற்குத்தான் இந்த நோட்டை வாங்கினேன்.

27 ஆகஸ்ட், புதன்

பிள்ளையார் சதுர்த்தி. லீவு. கொழுக்கட்டை பதினொன்று சாப்பிட்டார். அப்போது சொல்லியிருக்கலாம். மண் பிள்ளையாரைக் குடையோடு வாங்கிவர நடந்தே போனார், வந்து படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் எழவில்லை. அப்போதும் சொல்லியிருக்கலாம்.

28 ஆகஸ்ட், வியாழன்

வண்டிச் சாவியை அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டேன்.

எட்டே கால் மணிக்கு வீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். "சுமா, சாவி எங்க?"

"ராஜாராம் சார் புது வீட்ல வெச்சிட்டு வந்தீங்களோ என்னவோ."

அப்படியே நின்றார்.

"ஆடியில பால் காய்ச்சினாரே, அந்த வீட்ல."

சோபாவில் உட்கார்ந்துவிட்டார். "யாரு சொன்னது?"

"யாரு சொன்னா என்ன? பாண்டியில டாக்டர் தூக்கத்துல வந்துச்சுன்னு சொல்றப்ப வாய மூடிக்கிட்டுதான உக்காந்திருந்தீங்க? செத்துப்போனாலும் பரவால்ல, டீச்சர் பேரு வரக் கூடாது, அதானே?"

"நீதான் தூக்கம்னு சொல்லியிருந்த! நான் எக்கோ ரூம்லேர்ந்து வந்தா நீ தூங்க வெச்சிட்டிருக்க என்னை. நான் இன்னாத்த சொல்றது?" குரல் உடைந்தது. "அதுவும் இல்லாம... பயப்பட வேணாம்னாரா, அது கேக்க நல்லா இருந்துச்சு சுமா."

இரண்டு பேரும் பொய். நாலு கண்ணும் தரையில்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றேன். கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். ஜூன் பன்னிரண்டிலிருந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நீ அழுவ."

"அழுதா இன்னாங்க? அழுதுக்கிட்டே பட்டனை அழுத்தத் தெரியாதா எனக்கு?"

அப்போது அழுதேன்தான். நன்றாகச் சத்தமாக அழுதேன். அம்மாக்கண்ணு கதவைத் தட்டி, "இன்னா ஆச்சு, ஆட்டோ கூப்டவா?" என்று கேட்டது. அழுதுகொண்டே ஜெயஸ்ரீ எண்ணுக்குப் போன் போட்டேன். முழுசாகச் சொன்னேன். "ஏறும்போதா? மயக்கம் வந்துச்சா? நாளைக்குக் காலையில கூட்டிட்டு வந்துடுங்கம்மா. அவர் வண்டியைத் தொடவே கூடாது. அந்தச் சீட்டு இருந்தா எடுத்துட்டு வாங்க."

சீட்டு இவர் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்துக்குள் இருந்தது. டாக்டர் நோட்டில் அதைப் பார்த்து எழுதப் பேனா எடுத்தேன். பிறகு கோந்து எடுத்து அந்தச் சீட்டையே ஒட்டிவிட்டேன். பார்த்தவள் கையெழுத்திலேயே இருக்கட்டும்.

29 ஆகஸ்ட், வெள்ளி

டாக்டர் எதிரில் நானே சொன்னேன்: "போன தடவை சொன்னது பொய் சார். நான் அப்ப அங்க இல்ல."

தைலம்மாள் சொன்ன வார்த்தை. சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது.

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கோடு படுத்திருந்த இடத்தில் பேனாவை வைத்து, "வேகமாத் துடிக்க வேண்டிய நேரத்துல நின்னிருக்கு. இதயத்துல மேலேர்ந்து கீழே செய்தி போகல. இதுக்கு மருந்து கிடையாது, பேஸ்மேக்கர் வெச்சுடலாம். இன்னொரு தடவைக்காகக் காத்திருக்க வேணாம்" என்றார். பதினெட்டு நாள். அதில் இரண்டு வாரம் இவர் தொண்டூர் ரோட்டில் வண்டி ஓட்டியிருக்கிறார். நான் பாட்டு முணுமுணுத்திருக்கிறேன்.

3 செப்டம்பர், புதன்

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். தீக்குச்சியை எடுத்துவிட்டு, பேஸ்மேக்கரை வைத்துவிட்டார்கள். ஒன்றரை மணி நேரம். நன்றாக இருக்கிறார். பசிக்கிறது என்றார்.

காத்திருந்தபோது ஒரு படிவம் கொடுத்தார்கள். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள இரண்டு பேர். முதல் வரியில் என் பெயர். நோயாளிக்கு உறவு: மனைவி. இரண்டாவது வரிக்கு மகள் பெயர் எழுதலாமா என்று ஜெயஸ்ரீயிடம் கேட்டேன். "கோயம்புத்தூர்ல படிக்கிறாங்கன்னு சொன்னீங்களே? பகல்ல பக்கத்துல இருக்கறவங்க பேரு வேணும்மா."

ரஞ்சனி என்று எழுதினேன். எண்ணைப் போனில் பார்க்காமலே எழுதினேன். மூன்று மாதமாக இவர் போனில் பார்த்துப் பார்த்து மனப்பாடம். பத்து இலக்கமும் சரி.

உறவு என்ற கட்டத்தில் பேனா நின்றது. பதினாறு வருட சர்வீஸில் எந்தக் கட்டத்திலும் இவ்வளவு நேரம் நின்றதில்லை. என்னை அக்கா என்கிறாள், மனைவியின் தங்கை என்று எழுதலாம் என்று பாதி எழுதிவிட்டேன். அப்புறம்தான், அப்படியானால் இவருக்கு மச்சினி ஆகிவிடுவாளே என்று உறைத்தது. அடித்துவிட்டு 'உடன் வேலை செய்பவர்' என்று எழுதி, அடித்தலுக்குப் பக்கத்தில் சுருக்கொப்பமும் போட்டேன்.

சாயந்திரம் அவளுக்கு நானே போன் செய்தேன். "நல்லா இருக்காரு ரஞ்சனி." அந்தப் பக்கம் அழுகிற சத்தம். அடப் பாவி மனுஷா, இவள் மட்டும் அழ மாட்டாளா?

21 செப்டம்பர், ஞாயிறு

மத்தியானம் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். மார்பில் கை வைத்து ஒரு நிமிடம் எண்ணினேன். பட்டன் இல்லாமல், வெறும் கை. எழுபத்திரண்டு. கண்ணைத் திறக்காமலே, "நோட்டுல எழுதிட்டியா?" என்றார்.

எழுதிவிட்டேன்.

6 அக்டோபர், திங்கள்

காலாண்டு லீவு முடிந்து பள்ளிக்கூடம். இடது கையை இன்னும் கொஞ்ச நாள் தூக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. எட்டரைக்கு ஹாரன்.

ரஞ்சனிக்கும் ஒரு டப்பா கட்டினேன். புளிசாதம், உருளைக்கிழங்கு. பழைய பையில் அடங்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் புதுசாக ஒன்று வாங்கியிருந்தேன். அதை நானே கொண்டுபோய் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தேன். முன்னதைவிட அரை அடி அகலம்.